‘சக்தி’ என்னும் பெயரும் இரு இசைக் குழுக்களும்: ஒரு சமூகவியல் நோக்கு

இலக்கிய வரலாறு எழுதுவோருக்குப் பெயரொற்றுமை புதிய சிக்கலன்று. ஔவை என்னும் பெயரில் வெவ்வேறு நூற்றாண்டுகளிற் புலவர் சிலர் வாழ்ந்தனர். கபிலர், நக்கீரர் ஆகிய பெயர்களும் சங்ககாலத்தோடு நின்றுவிடவில்லை. மொழிநடை, யாப்பு, பாடுபொருள் ஆகியவற்றை அளவைகளாகக் கொண்டு ஒருவரின் ஆக்கத்தை மற்றவரின் ஆக்கத்தினின்றும் பிரித்தெடுத்தல் ஆய்வாளர் பணியாக இருந்துவந்துள்ளது. இசைக் குழுக்களைப் பொறுத்தவரை பிரித்தறிதல் அத்துணைக் கடினமானதன்று. ஒரே பெயரைத் தாங்கிய இரு குழுக்களின் இசையைச் சிறிது நேரம் கேட்ட எவரும் ஒன்றை மற்றொன்றென மயங்கார். ஆயினும் அம்மயக்கம் எழாமையே இங்கு ஆய்வுக்குரியதாகின்றது. தமிழரோடு தொடர்புடைய, ஒரே பெயர் கொண்ட இரு குழுக்கள் பல்லாண்டுகள் ஒன்றையொன்று முட்டாமல் இயங்க முடிந்தமைக்குக் காரணம் யாது?

‘சக்தி’ என்னும் பெயர் இவ்வினாவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். 1970களின் நடுப்பகுதியில் ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லொக்ளினும் இந்தியக் கலைஞர் சிலரும் இணைந்து தொடங்கிய குழு ஒரு ‘சக்தி’. தமிழகத்தின் திண்டுக்கல்லை நிலைக்களனாகக் கொண்டு, தலித் இளம்பெண்கள் பறை முழக்கி ஆடும் சக்தி நாட்டுப்புறக் கலைக் குழு மற்றொரு ‘சக்தி’. இது 1990 இல் தோன்றியது. முன்னையதன் இசைத்தட்டுகள் உலகச் சந்தையில் விலைபோயின. பின்னையதன் முழக்கம் ஊர்ச் சந்திகளிலும், உரிமைக் கூட்டங்களிலும், கலைவிழாக்களிலும் ஒலித்து வருகின்றது. இவ்விரு குழுக்களையும் ஒருங்கே வைத்து நோக்குவதன் மூலம் இசையின் சமூக அடிப்படை பற்றிச் சில முடிவுகளுக்கு வரலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அம்முடிவுகள் நமது மண்ணுக்கு, குறிப்பாகக் கீரிமலையையும் மாவிட்டபுரத்தையும் சூழ்ந்த வலிகாமம் வடக்குக்கு, எவ்வாறு பொருந்துகின்றன என்பதும் இங்கு ஆராயப்படும்.

1

முதலாளித்துவ சமூகத்திற் பெயர் என்பது உடைமையாகும். நிலத்துக்கு உறுதி இருப்பது போலப் பெயருக்கும் உரிமையாளர் உண்டு. அதனை விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கலாம். இசைக் குழுவின் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படும் வணிகக் குறியாகும்போது, அது அக்குழு ஆக்கிய பாடல்களிலும் பார்க்க மதிப்பு வாய்ந்ததாகிவிடுவதும் உண்டு.

‘நிர்வாணா’ என்னும் பெயர் தொடர்பாக எழுந்த வழக்கு இதனைத் தெளிவாக்கும். 1960களின் பிற்பகுதியில் இலண்டனில் இயங்கத் தொடங்கிய குழு ஒன்று இப்பெயரைத் தாங்கியிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், 1987 இல், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இளைஞர் சிலர் அதே பெயரில் ஒரு குழுவை அமைத்தனர். அவர்கள் சிற்றூரில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் எவரும் பெயரைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. 1991 இல் அவர்களது இசைத்தட்டு உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையானதும் பழைய குழுவினர் வழக்குத் தொடுத்தனர். இரு தரப்பினரும் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற இணக்கத்தோடு அது நீதிமன்றுக்கு வெளியே தீர்க்கப்பட்டது. ஆசைகள் அனைத்தும் அவிந்த நிலையைக் குறிக்கும் பௌத்தச் சொல் ஒன்றன் மீது உரிமை வழக்கு நடந்தமை சந்தையின் இயல்பைக் காட்டப் போதுமானது.

இவ்வழக்கினின்றும் பெறக்கூடிய பொது விதி ஒன்றுண்டு. ஒரே பெயருடைய இரு குழுக்கள் ஒரே சந்தையிற் சந்திக்கும்போதே பிணக்கு உண்டாகின்றது. அவ்வாறாயின் பிணக்கு இல்லாமையை இணக்கமெனக் கொள்ளல் தவறாகும். அது பெரும்பாலும் அக்குழுக்களுக்கு இடையேயுள்ள சமூகத் தொலைவின் அளவுகோலாகவே அமைகின்றது. இரு ‘சக்தி’களுக்கு இடையே பெயருரிமைப் பிணக்கு எழாமையை இவ்வளவுகோலைக் கொண்டே விளக்க வேண்டும். ஒன்றன் கேட்போர் மற்றொன்றன் கேட்போரல்லர். ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் நிறுவனங்களுக்கு மற்றொன்று போட்டியாகத் தோன்றவில்லை. பெயர் ஒன்றாயிருந்தும் அவை வாழும் உலகங்கள் இரண்டு.

2

முதலாவது ‘சக்தி’யின் வரலாறு ஓரளவு நன்கறியப்பட்டது. மின் கிற்றாரின் பேரோசையால் மகாவிஷ்ணு இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்றிருந்த மக்லொக்ளின், அவ்வோசையைத் துறந்து மின்னிணைப்பற்ற கிற்றாரோடு இக்குழுவுக்கு வந்தார். வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் ஹுசைன், கடம் ரி. எச். விநாயகராம், மிருதங்கம் இராம்நாட் இராகவன் என்போர் உடனிருந்தனர். 1975 ஜூலை 5 ஆம் நாள் நியூ யோர்க் மாநிலத்திலுள்ள சவுத்தம்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. மேலும் இரு தட்டுகளின் பின்னர் குழு கலைந்தது. 1997 இல் வேறு பெயரடையோடு மீண்டும் கூடிய பின்னர், விநாயகராமின் மகன் செல்வகணேஷும், மண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸும், பாடகர் சங்கர் மகாதேவனும் அதில் இணைந்தனர். 2023 இல் வெளியான இசைத்தொகுப்புக்கு 2024 இல் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் சாகிர் ஹுசைன் காலமானார்.

இக்குழுவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்புண்டு. வயலின் கலைஞர் சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அவருடைய தமையன்மாரும் இளமையில் இங்கு வாழ்ந்தவர்கள். 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. பின்னாளில் உலக மேடைகளில் ஒலித்த வயலினுக்குப் பின்னால் இலங்கையின் இனவாத அரசியல் விரட்டிய ஒரு குடும்பத்தின் கதையும் உள்ளது.

இக்குழுவை வெறும் வணிகக் கலப்பிசை என ஒதுக்குதல் வறட்டு வாதமாகும். வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டுக் கடமும் ஒரே மேடையிற் சரிநிகராக வாசிக்கப்பட்டமை அக்காலத்திற் புதுமையே. கருநாடக இசைக் கச்சேரியில் உபபக்கவாத்தியம் என ஒதுங்கியிருந்த கடம் இங்கு முன்வரிசைக்கு வந்தது. மேடையின் பின்புறத்திலிருந்து அதனை முன்னே கொணர்ந்தமை ஒருவகைச் சனநாயகப்படுத்தல் எனலாம். ஆயினும் அச்சனநாயகம் மேடையின் விளிம்போடு நின்றது. ‘சக்தி’ என்னும் பெயர் அக்குழுவில் எப்பொருளில் வழங்கியது என்பதை நோக்கினால் இது புலனாகும். மேற்குலக இளைஞர் வியற்நாம் போருக்குப் பிந்திய சோர்வில் கீழைத்தேய ஆன்மிகத்தை நாடிய காலம் அது. அவர்களுக்குச் சக்தி என்பது அண்டமெங்கும் நிறைந்த, வர்க்கமும் சாதியும் அற்ற ஓர் ஆற்றல். பிறந்த மண்ணிற் சக்தியின் கோயிலுக்குள் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்ற வினா அம்மேடையில் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் அங்கு இருக்கவில்லை.

3

திண்டுக்கல் ‘சக்தி’யில் அவ்வினாவே தொடக்கப் புள்ளி. கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா முன்னின்று 1990 இல் உருவாக்கிய இக்குழுவிற் சேர்ந்தோர் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பெண்பிள்ளைகள். பலர் படிப்பை இடைநிறுத்தியவர்கள். அவர்களுக்குப் பறையாட்டம், கும்மி, ஒயில் முதலிய கலைகளோடு தையல் போன்ற தொழில்களும், சமூகத்தைப் பகுத்துநோக்கும் கல்வியும் சேர்த்தே அளிக்கப்பட்டன. அமெரிக்க இசையாய்வாளர் ஸோயி ஷெரினியன் இக்குழுவை நெடுநாள் ஆய்ந்து ஆவணப்படம் ஒன்றும் எடுத்துள்ளார்.

பறை ஆண்கள் முழக்கிய கருவி. சாவு வீட்டிலும் சுடலை வழியிலும் ஒலித்தமையால் தீட்டோடு பிணைக்கப்பட்டது. ஒரு பெண் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு பொது வீதியில் அடவு வைத்து ஆடும்போது இரு விலக்குகள் ஏககாலத்தில் மீறப்படுகின்றன: ஒன்று சாதி விலக்கு, மற்றொன்று பால் விலக்கு. எனவே இங்குச் ‘சக்தி’ என்னும் பெயர் முற்றிலும் வேறு பொருளைப் பெறுகின்றது. கோயிற் கருவறையிற் பெண்ணுருவைச் சக்தியென வழிபடும் சமூகம், கோயிலுக்கு வெளியே உழைக்கும் பெண்ணுக்கு எதனை மறுத்தது என்ற குற்றச்சாட்டு அப்பெயருள் அடங்கியிருக்கின்றது. முன்னைய குழு பெயரைப் பண்பாட்டினின்றும் இரவலாகப் பெற்றது; பின்னைய குழு அதே பண்பாட்டோடு வாதாடி அதனைப் பெற்றது எனலாம்.

எனினும் இக்குழுவையும் நாம் விமர்சனமின்றிப் போற்றுதல் தகாது. பறை மேடையேறும்போது அதனைக் கண்டு மகிழும் நடுத்தர வர்க்கத்தார், அடுத்த நாள் தமது ஊரில் இழவுக்குப் பறையடிப்பவரை எவ்வாறு அழைக்கின்றனர் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. விழா மேடையிற் கிடைக்கும் கைதட்டல் கூலியாகாது, நிலமாகாது. நாட்டார் கலை என்ற பெயரில் ஒடுக்கப்பட்டோரின் இசையை அழகுப் பொருளாக்கி, அதன் வலியைக் கழித்துவிடும் ஆற்றல் பண்பாட்டுச் சந்தைக்கு உண்டு. அச்சந்தையினுள் நுழையாமல் மக்களை அடைவதும் கடினம். இம்முரண்பாடு திண்டுக்கல் குழுவுக்கு மாத்திரம் உரியதன்று. முதலாளித்துவ சமூகத்தில் இயங்கும் எல்லா எதிர்ப்புக் கலைக்கும் பொதுவானது.

4

இரு குழுக்களையும் மேடையில் மாத்திரம் வைத்து ஒப்பிடும்வரை அவற்றிடையே வேற்றுமையே தோன்றும். மேடைக்குப் பின்னே சென்று, கருவிகள் எவ்வாறு உருவாகின்றன என நோக்கினால் எதிர்பாராத ஓர் ஒற்றுமை வெளிப்படும்.

மிருதங்கத்தின் இரு முகங்களும் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலால் ஆனவை. அத்தோலைத் தெரிந்தெடுத்து, உரித்து, பதப்படுத்தி, வாரால் இறுக்கி, வலந்தலையிற் கருஞ்சோறு இட்டுச் சுருதி கூட்டுபவர் தலைமுறை தலைமுறையாகத் தலித் கைவினைஞரே. தமிழகத்தில் அவர்களிற் பலர் கிறித்தவத்தைத் தழுவியவர். பாடகர் ரி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட ‘செபாஸ்தியன் அன் சன்ஸ்’ என்னும் நூல் இம்மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைக் கூறுகின்றது. அந்நூலை வெளியிடத் தனது அரங்கை வழங்க இசைந்திருந்த சென்னைக் கலாக்ஷேத்திரா நிறுவனம் பின்னர் அவ்விசைவை மீளப் பெற்றுக்கொண்டது. வெளியீடு வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. மேடையில் மிருதங்கத்துக்கு இடமுண்டு, அதனைச் செய்தவர் பற்றிய பேச்சுக்கு இடமில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம்.

மார்க்ஸ் தமது பொருளியற் குறிப்பேடுகளிற் பியானோ செய்யும் தொழிலாளியையும் பியானோ வாசிக்கும் கலைஞரையும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். முதலாளியின் பட்டறையிற் கருவி செய்பவன் மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி. வாசிப்பவர் தமது வாசிப்பை ஒருவருடைய வருமானத்துக்குப் பதிலாக மாற்றிக்கொள்பவர். வாசிப்பின்றிப் பியானோ பொருளற்றது எனினும் அவ்விரு உழைப்பும் பொருளியலில் ஒன்றாகா என்பது அவர் கருத்து. பாடகி ஒருத்தி தானாகப் பாடும்போதும், ஒரு தொழில்முனைவர் அவளை அமர்த்திப் பாடுவித்துப் பணம் ஈட்டும்போதும் அவளது உழைப்பின் தன்மை மாறுகின்றது எனவும் அவர் பிறிதோரிடத்தில் விளக்கியுள்ளார். பாட்டு ஒன்றே, உறவு வேறு.

நமது சமூகத்தில் இப்பிரிவினையோடு சாதியும் சேர்ந்து கொள்கின்றது. தோலைத் தொடுதல் தீட்டு எனக் கொண்ட சமூகமே, பிறர் தொட்டுப் பதப்படுத்திய தோலின் மேல் விரல் வைத்துப் புனித நாதம் எழுப்பியது. மிருதங்கம் ஒலிக்கும் முதலாவது ‘சக்தி’க்கும், பறை ஒலிக்கும் இரண்டாவது ‘சக்தி’க்கும் அடியில் இருப்பது ஒரே தோல், ஒரே சமூகப் பிரிவினரின் உழைப்பு. முதலாவதில் அவ்வுழைப்பாளர் மறைந்து நிற்கின்றனர். இரண்டாவதில் அவரின் பிள்ளைகளே மேடைக்கு வந்துவிட்டனர். இரு குழுக்களுக்கும் உள்ள உண்மையான உறவு இங்கேயே உள்ளது.

5

இதுவரை கூறியவை தமிழகத்தையும் அதற்கப்பாலுள்ள உலகையும் சார்ந்தவை. இனி நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரைப் பல இசைக் குழுக்கள் தாங்கிய நிகழ்வு நெடுங்காலமாக இருந்துள்ளது. ‘மேளம்’ என்பதே அப்பெயர்.

நாதசுரமும் தவிலும் கூடிய குழு பெரிய மேளம். கோயில்களில் ஆடிய கணிகையரும் அவர்களின் பக்கவாத்தியக்காரரும் சேர்ந்த குழு சின்ன மேளம். சாவு வீட்டில் ஒலித்தது பறைமேளம். மூன்றும் மேளங்களே, மூன்றிலும் தோற்கருவி உண்டு. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் இடம், காலம், வாசிப்போர் சாதி, பெறும் ஊதியம் ஆகியன வகுக்கப்பட்டிருந்தன. சின்ன மேளத்தை ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். இருபதாம் நூற்றாண்டில் அது கோயில்களினின்றும் மறைந்தபோது, இசையறிந்த பெண்களின் மரபொன்றும் அதனுடன் மறைந்தது. பெரிய மேளமோ அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களிற் செழித்தது. தவில் மேதை வி. தட்சணாமூர்த்தியும் நாதசுரக் கலைஞர் என். கே. பத்மநாதனும் கீரிமலைக்கு அண்மையிலுள்ள அளவெட்டியோடு சேர்த்தே அறியப்பட்டவர்கள். 1975 இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் புகழ் தமிழகமெங்கும் பரவியிருந்தது.

கீரிமலையில் இம்மேளங்கள் ஒன்றையொன்று மிக நெருங்குகின்றன. நகுலேஸ்வரத்தின் அருகே கடலோரமாக அமைந்த நன்னீர்க் கேணியும், அதனையொட்டிய கடலும் குடாநாட்டாருக்குப் பிதிர்க்கடன் செய்யும் இடங்கள். இறந்தவரின் சாம்பலைக் கரைப்பதும், அந்தியேட்டிக் கிரியை புரிவதும், ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் தீர்த்தமாடுவதும் இங்கேயே. அதே ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரம் கந்தசுவாமி தனது பெருவிழாவின் முடிவிற் கீரிமலைக்குத் தீர்த்தமாட வருகின்றார். பெரிய மேளம் உடன் வருகின்றது. பறைமேளமோ அக்கரைக்கு வருவதில்லை. சாம்பலாகி அங்கு வந்து சேர்பவரைச் சுடலை வரை அழைத்துச் சென்றபின் அது வீடு திரும்பிவிடுகின்றது. இறந்தவரின் சாம்பல் புனித நீரிற் கலக்கலாம். அவரை வழியனுப்பிய கலைஞன் உயிரோடு அந்நீரில் இறங்குவதற்குத் தடையிருந்த காலம் மிகத் தொலைவிலுள்ளதன்று.

இங்கும் மேளங்கள் ஒன்றோடொன்று பிணங்கியதில்லை. சாதியமைப்பு அவற்றின் எல்லைகளைக் காத்து நின்றமையே காரணம். சந்தை செய்த வேலையை இங்கு நிலமானியம் செய்தது. எல்லையைத் தாண்ட முற்பட்டபோதே பிணக்கு மூண்டது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு எழுச்சி பெற்ற போராட்டம், 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமாக நிறுவன வடிவம் கொண்டது. 1968 இல் அது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலுக்கு வந்தது. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவ்வாயிலை அடைத்து நின்றார். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ என்னும் நாடகம் அப்போராட்டத்தைக் காத்தான்கூத்துப் பாணியில் மேடைக்குக் கொணர்ந்தது. மக்கள் கலைவடிவம் ஒன்று மக்கள் போராட்டத்தின் குரலாகியமைக்கு அது சிறந்த சான்று.

6

இவ்விடத்தில் நாம் ஒரு கடினமான முரண்பாட்டை எதிர்கொள்கின்றோம். திண்டுக்கல்லில் விடுதலை என்பது பறையை எடுத்தலாக அமைந்தது. யாழ்ப்பாணத்திலோ அது பறையைக் கீழே வைத்தலாக அமைந்தது. பறை முழக்குதல் இங்குக் குடிமைத் தொழில். விரும்பி ஏற்ற கலையன்று, பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியம். ஆகவே இழவு வீட்டுக்குப் பறையடிக்க மாட்டோம் என மறுத்தமை ஒருவகை வேலைநிறுத்தமாகும். அம்மறுப்பைக் கலையிழப்பு என வருந்துவோர், அக்கலையின் பேரால் யார் எதனை இழந்திருந்தனர் என்பதை மறந்து பேசுகின்றனர். தமிழகத்திலும் பறையடிக்க மறுத்தமைக்காக மக்கள் தாக்கப்பட்டதுண்டு.

அவ்வாறாயின் எடுத்தவர் செய்தது சரியா, வைத்தவர் செய்தது சரியா? வினாவை இவ்வாறு அமைத்தலே பொருந்தாது. கருவிக்குத் தன்னளவில் விடுதலையும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை. வாசிப்பவர் எவ்வுறவின் கீழ் வாசிக்கின்றார் என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. கட்டாயத்தின் பேரில் வாசித்த பறையை மறுக்கும் உரிமை வென்றெடுக்கப்பட்ட பின்னரே, விரும்பி வாசிக்கும் பறைக்கு வழி திறக்கின்றது. மறுப்பு முதற்படி, மீட்பு அடுத்த படி. முதற்படியைக் கடவாத ஊரில் இரண்டாவதைப் பற்றிப் பேசுதல், பழைய ஊழியத்துக்குப் புதிய பெயர் சூட்டுவதாகவே முடியும். 2018 ஜனவரியிற் சென்னையில் அரங்கேறிய இசைக்குழு ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ எனத் தனக்குப் பெயரிட்டமையும் இங்கு நோக்கத்தக்கது. சாதியற்றோர் என்னும் பொருள்படும் அப்பெயர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது. பொதுவான புனிதப் பெயரைப் பகிர்ந்துகொள்வதற்குப் பதிலாக, வேறெவரும் தற்செயலாகச் சூடிக்கொள்ள முடியாத பெயரை அவர்கள் தெரிந்தெடுத்தனர்.

நமது பிரதேசத்தில் இவ்வினாவைப் போர் மேலும் சிக்கலாக்கியது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர்; கீரிமலையும் மாவிட்டபுரமும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. காணியும் வசதியும் வெளிநாட்டு உறவும் உள்ளோர் முகாம்களை விட்டு விரைவில் வெளியேற, அங்கு நெடுங்காலம் தங்க நேர்ந்தோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரான நிலமற்றோரே என்பதை 2009 இல் வெளியான காலிங்க தியூடர் சில்வா முதலியோரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. போர் முடிந்தபின் கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன. பெரிய மேளம் மீண்டும் ஒலித்தது. இடப்பெயர்வு எல்லாரையும் சமமாக்கியது என்ற நம்பிக்கை எத்துணை மேலோட்டமானது என்பதை மீள்குடியேற்றத்தின் ஒழுங்கே உணர்த்துகின்றது.

7

தமிழிசை ஆய்வின் போக்கை இப்பின்னணியில் மதிப்பிட வேண்டியுள்ளது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறுகின்றது. துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் குடிகளாகப் போற்றும் புறநானூற்றுச் செய்யுளும் உண்டு. பாணர் மரபின் சமூக நிலையைப் பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். நமது பட்டினத்தின் பெயரே ஒரு பாணனின் யாழோடு இணைத்துக் கூறப்படுகின்றது. விபுலானந்த அடிகள் வழக்கொழிந்த யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித நுட்பத்தோடு மீட்டெடுத்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அதற்கு ஈடான பணி தமிழில் அரிது. ஆயினும் அடிகளைப் பின்பற்றியோர், கேட்க வழியற்ற யாழைத் தேடிய அளவுக்கு, அடுத்த ஒழுங்கையில் ஒலித்த பறையைக் கேட்க முற்படவில்லை. இறந்த கருவிக்குச் சாதியில்லை, உயிருள்ள கருவிக்கு உண்டு என்பதே இதற்குக் காரணமாகலாம். கிழக்கே மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து ஆய்வாளர் கவனத்தைப் பெற்றமை இந்நிலையில் ஆறுதலளிப்பது.

செய்யவேண்டியவை பல. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பறைக்கும் தோல் பதப்படுத்துவோரின் பெயர்களும் நுட்பங்களும் இசை வரலாற்றின் பகுதியாக எழுதப்பட வேண்டும். பறைமேளத்தின் தாளக் கட்டுகள் அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே, அவர்களின் இசைவோடும் உரிய ஊதியத்தோடும், பதிவு செய்யப்பட வேண்டும். பறையை விட்டுவிலகியோரின் நினைவுகளும் அதேயளவு மதிப்போடு சேர்க்கப்பட வேண்டும். மறுப்பின் வரலாறும் இசையின் வரலாறே. இசை கற்பிக்கும் நிறுவனங்களில் அக்கருவி விழாநாட் காட்சிப் பொருளாக அன்றி, தேர்வுக்குரிய பாடமாக, அதனை அறிந்தவரே ஆசிரியராக அமரும் பாடமாக இடம்பெறல் வேண்டும்.

பெயரொற்றுமை தற்செயலானது. அது பிணக்கின்றி நிலைப்பது தற்செயலானதன்று. இரு உலகங்களைப் பிரித்து வைத்துள்ள சுவர் உறுதியாக நிற்பதன் விளைவு அது. இரு ‘சக்தி’களும் ஒரே அரங்கின் நிகழ்ச்சி நிரலில், ஒரே ஊதியப் பட்டியலில், ஒரே பாடநூலில் இடம்பெறும் காலத்தில், எந்தச் சக்தியைக் குறிப்பிடுகின்றீர் என ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிவரும். அத்தகைய குழப்பம் நேருமாயின் அது வரவேற்கத்தக்கதே.